ஒரே மரம், மூன்று மணம்

இலங்கையின் தென்கரையில், காலி, மாத்தறை மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் கறுவாச் செடிகள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகப் புதர்போல் நிற்கும். வெட்டாமல் விட்டால் பத்து மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய மரம்தான் அது. பட்டைக்காக அடியை விட்டு வெட்டி வெட்டித் தழைய விடுவதால் புதர் வடிவம் எடுத்திருக்கிறது. கொழுந்துகள் செம்பு நிறத்தில் துளிர்த்து, முற்ற முற்றப் பச்சையாகும். இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனியை நோக்கி ஓடும்.

அந்த இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் வருவது கிராம்பு வாசம். இளங்கிளையின் தோலைச் சீவி முகர்ந்தால் பிரியாணி அண்டாவைத் திறந்ததும் எழுமே, அந்தப் பட்டை வாசம். மண்ணைத் தோண்டி வேரின் பட்டையைச் சற்று நறுக்கினால் கோயில் கருவறையை நினைவூட்டும் கற்பூர நெடி. எல்லாம் ஒரே செடியில், ஒரே மரபணுத் தொகுப்பை வைத்துக்கொண்டு.

இது மூக்கின் மயக்கம் இல்லை. தனித்தனியே நீராவியில் வடித்த எண்ணெய்களைச் சோதித்தால் வேறுபாடு எண்களாகவே தெரியும். பட்டை எண்ணெயில் பாதிக்கு மேல் சின்னமால்டிஹைட். இலை எண்ணெயில் முக்கால் பங்குக்கு அருகில் யூஜெனால். கிராம்பின் உயிர்நாடியும் இதே யூஜெனால்தான். வேர்ப்பட்டை எண்ணெயில் பெரும்பங்கு கற்பூரம். மரங்களின் மணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட வியப்பான செய்தி வேறில்லை. சந்தனத்தில் வயிரத்துக்கு மணம், யூகலிப்டசில் இலைக்கு மணம். கறுவாவிலோ ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மணம்.

மூன்றும் எங்கிருந்து வருகின்றன? சின்னமால்டிஹைடும் யூஜெனாலும் ஒரே வேர்ப்பொருளில் பிறந்தவை. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மரங்கள் எல்லாமே படிப்படியாக மாற்றி லிக்னின் செய்துகொள்கின்றன. மரத்துக்கு மரத்தன்மையைத் தருவதே லிக்னின். கறுவாவின் பட்டையில் உள்ள நொதிகள் அந்த வேதிப்பாதையின் தொடக்கத்திலேயே கிளை பிரிந்து சின்னமால்டிஹைடைச் செய்கின்றன. இலையில் உள்ள நொதிகள் இன்னும் சில படிகள் போய், லிக்னினாக மாறவிருக்கும் பொருளைத் திருப்பி யூஜெனாலாக்குகின்றன. கற்பூரம் வேறு குலம். அது டெர்பீன் வகை. பைன் மரப் பிசினுக்கும் எலுமிச்சைத் தோலின் எண்ணெய்க்கும் உறவு. பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு ஒன்றைச் சுருட்டி மடக்கிப் பந்துபோல் ஆக்கினால் கற்பூரம். எந்த உறுப்பில் எந்த நொதிக்கான மரபணு விழித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மணம் அமைகிறது.

இப்பொருள்கள் மரத்துக்கே நஞ்சு. சின்னமால்டிஹைட் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும். பூஞ்சையின் புரதம், மரத்தின் புரதம் என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் கறுவா இருக்கும் லாரேசி குடும்பத்தில் எண்ணெய்க்கென்றே தனிச் செல்கள் உண்டு. சாதாரணச் செல்களுக்கு நடுவே உருண்டையாக, சற்றுப் பெரியதாக இருக்கும். தக்கையில் உள்ள சூபரின் என்ற மெழுகுத்தன்மை வாய்ந்த பொருளால் இவற்றின் சுவருக்குள் ஒரு படலம் பூசப்பட்டிருக்கும். காரமான ஊறுகாயைப் பீங்கான் சாடியில் போட்டு வைப்பதுபோல, மரம் தன் நஞ்சைத் தன்னைத் தொடாதபடி அடைத்து வைத்திருக்கிறது. ஒரு புழு கடித்தாலோ கத்தி பட்டாலோ செல் உடைந்து எண்ணெய் வெளியே வரும். நாம் இலையைக் கசக்கும்போது நுகர்வது மரம் எதிரிக்காக வைத்திருந்த ஆயுதத்தை.

ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரி வேறு. உள்பட்டை என்பது இலை சமைத்த சர்க்கரையை வேருக்கு இறக்கும் மெல்லிய அடுக்கு. பூஞ்சையும் துளைப்பான் வண்டும் தேடி வருவது அதைத்தான். பூஞ்சைக்கு எதிராகச் சின்னமால்டிஹைடு மிகக் கூர்மையானது. இலையை நாடி வருவது பூச்சிகள். யூஜெனால் பூச்சிகளின் நரம்பு இயக்கத்தைக் குலைக்கிறது. கற்பூரமோ ஆவியாகவே பரவக்கூடியது. அந்துப்பூச்சியும் கரையானும் அதன் பக்கம் வர அஞ்சும்.

இவ்வளவு காவலையும் மீறி ஒரு வண்ணத்துப்பூச்சி கறுவா இலையில்தான் முட்டையிடுகிறது. கருஞ்சிறகின் நடுவே நீலப் பட்டை ஓடும் புளூபாட்டில் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இதன் புழுக்களுக்குக் கறுவாக் குடும்பத்து இலைகளே உணவு. மற்றப் பூச்சிகளைத் துரத்தும் மணம் இதற்கு வழிகாட்டியாகிவிட்டது. நஞ்சைத் தாங்கப் பழகிய உயிருக்குப் போட்டியில்லாத சாப்பாடு கிடைக்கிறது.

பட்டை உரிப்பதை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர்கள் அதை வெறும் கூலிவேலை என்று சொல்லமாட்டார்கள். மழை பெய்து, புதுக்கொழுந்து விட்டு, அந்தக் கொழுந்து முற்றத் தொடங்கும் நேரம் பார்த்துக் கிளைகளை வெட்டுவார்கள். அப்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். அந்த அடுக்கு ஈரமாகவும் பலமில்லாமலும் இருப்பதால் பட்டை நழுவிக்கொண்டு வரும். வறண்ட காலத்தில் வெட்டினால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். சுமார் இரண்டு வருடம் வளர்ந்த, பெருவிரல் பருமனை ஒட்டிய குச்சிகள்தான் தோது. முதலில் வெளித்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு பித்தளைத் தண்டால் குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள், உள்பட்டை நெகிழும். கத்தியால் இரண்டு இடத்தில் வளையமாகக் கீறி, நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு, முனை மழுங்கிய கத்தியை உள்ளே நுழைத்து வழித்தால் பட்டை முழுசாகக் கழன்று வரும். அதன் கனம் அரை மில்லிமீட்டர்கூட வராது.

உரித்த பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, உள்ளே சிறு துண்டுகளை நிரப்பி, 42 அங்குல நீளக் குழலாகச் சேர்ப்பார்கள். வெயில் படாமல், கூரைக்குக் கீழே கட்டிய கயிறுகளின் மேல் பரப்பி உலர்த்துவார்கள். காய்ந்து சுருண்டதும் சுருட்டுபோல் பல மடிப்பாகிவிடும். ஆறு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவு உள்ளவை 'ஆல்பா' என்ற முதல் தரம். இந்த வேலையில் பெரும்பகுதி இன்னும் கையால்தான் நடக்கிறது. விரல்களின் அழுத்தம்தான் தரத்தைத் தீர்மானிக்கிறது. 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது.

தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் சலாகம என்ற சமூகத்தார். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபு வரலாறு. அவர்களுடைய கைத்திறனே அவர்களுக்கு விலங்காகவும் ஆனது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் இவ்வளவு பட்டை கட்ட வேண்டும் என்று தலைவரி விதிக்கப்பட்டது. 1656ல் கொழும்பைப் பிடித்த டச்சுக் கம்பெனி அந்த முறையை இன்னும் இறுக்கியது. காட்டில் அனுமதியின்றிக் கறுவா வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை வரை போகும் சட்டங்கள் இருந்தன. அன்று பட்டை முழுக்கக் காட்டிலிருந்தே வந்தது. நல்ல காடுகளில் பல கண்டி அரசின் எல்லைக்குள் இருந்தன. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்டபோது டச்சுக்காரரோடு இருந்த பிணக்கு போராகவே மூண்டு, 1766ல் உடன்படிக்கையில் முடிந்தது. அந்த அனுபவம்தான் டச்சுக்காரரைத் தோட்டம் போட வைத்தது. ஆளுநர் ஃபால்க்கின் காலத்தில் கொழும்பு மருதானையில் நட்ட கன்றுகள் நன்றாக வளர, கறுவா காட்டை விட்டு ஊருக்கு வந்தது. கொழும்பின் செல்வர்கள் வாழும் ஏழாம் வட்டாரத்துக்கு இன்றும் பெயர் கறுவாத்தோட்டம்.

இதற்கெல்லாம் முன்னால் பல நூற்றாண்டுகள் இந்தப் பட்டை எங்கே விளைகிறது என்பதே மேற்குலகுக்குத் தெரியாது. பெரும்பறவைகள் கொண்டுவந்து மலைமுகட்டில் கூடு கட்டும் குச்சி என்ற கதையைக் கிரேக்கத்தின் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். ரோமின் பிளினி, இதெல்லாம் விலையை ஏற்றுவதற்கு வணிகர்கள் கட்டிய கதை என்று கண்டுகொண்டார். அதே காலத்தில் கறுவா இனத்து இலைகளும் 'மலபாத்ரம்' என்ற பெயரில் முசிறித் துறையிலிருந்து கப்பலேறின. ரோமானியர்கள் அதிலிருந்து தைலம் செய்தார்கள்.

இலையின் கதை அதோடு முடியவில்லை. பல்வலிக்கு மருத்துவர் வைக்கும் தற்காலிக அடைப்பின் வாசம் நினைவிருக்கிறதா? துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்த பசை அது. பட்டை உரித்த பின் மிஞ்சும் இலைகளைக் கொதிகலனில் போட்டு வடிப்பதால் கறுவாத் தோட்டத்தில் எதுவும் வீண் போவதில்லை. வெனிலா வாசம் தரும் வெனிலினைக்கூட யூஜெனாலிலிருந்து செய்துவந்தார்கள்.

நம் சமையலறையில் பிரிஞ்சி இலை என்றும் நாட்டு மருந்துக் கடையில் லவங்கப்பத்திரி என்றும் கிடைப்பது இமயமலை அடிவாரத்தில் வளரும் கறுவாவின் தம்பி. அதிலும் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். மத்தியதரைக் கடல் நாடுகளின் பே இலையில் நடுநரம்பு ஒன்றுதான். பக்கத்தில் சிறு நரம்புகள் பிரியும். அது லாரேசி குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம். மணமும் யூகலிப்டசை ஒட்டியது. சமையல் குறிப்புகளில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் சுவை மாறிப்போகிறது.

பட்டையிலும் இதே குழப்பம் உண்டு. இங்கே அது உடல்நலத்தைத் தொடுகிறது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் வெறுமனே பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளில் விளையும் கறுவாவின் உறவு. கனமான ஒற்றைத் தகடு, கையால் ஒடிப்பது கடினம், காரம் தூக்கல். இலங்கைக் கறுவாவைச் சுருள்பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். காகிதக் கனத்தில் பல மடிப்பு. விரலால் நசுக்கினாலே நொறுங்கும். வாசத்தில் லேசான இனிப்பு. காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. ஒரு கிலோவுக்கு மூன்று கிராம் அளவில்கூட இருக்கும் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் கணித்தது. கறுவாவில் அது சுவடளவே. கூமரினை நாள்தோறும் அதிகமாக உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். வாரம் ஒருமுறை குருமாவில் போடும் துண்டுக்காக யாரும் அஞ்ச வேண்டாம். சர்க்கரை குறையும் என்று நம்பித் தினமும் ஒரு கரண்டி பட்டைத்தூளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் நம் ஊரில் பெருகியிருக்கிறார்கள்; அவர்கள்தான் கையில் இருப்பது எந்தப் பட்டை என்று பார்த்தாக வேண்டும்.

கறுவா வேரில் ஒளித்து வைத்திருக்கும் பொருளை, உடல் முழுவதும் நிரப்பிக்கொண்ட உறவுக்கார மரம் ஒன்று கிழக்காசியாவில் இருக்கிறது. தைவான், தென் ஜப்பான், தென் சீனப் பகுதிகளின் கற்பூர மரம். தாவரவியலாளர்கள் நெடுங்காலம் கறுவாவின் பேரினத்திலேயே அதை வைத்திருந்தார்கள். அண்மையில்தான் தனிப் பேரினமாக்கினார்கள். ஜப்பானின் ககோஷிமா மாகாணத்தில் கமோ என்ற ஊரில் ஒரு கற்பூர மரத்தின் அடிமரச் சுற்றளவு 24 மீட்டர். நாகசாகியில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 800 மீட்டரில், சன்னோ ஆலயத்து வாசலில் நின்ற இரண்டு கற்பூர மரங்கள் இலை கிளையெல்லாம் கருகி, மறுபடி துளிர்த்து இன்றும் நிற்கின்றன.

கட்டையைச் சீவி நீராவி விட்டால் கற்பூரம் ஆவியோடு போய்க் குளிர்ந்த சுவரில் வெள்ளையாகப் படியும். மருந்துக்கும் வழிபாட்டுக்கும் என்று அளவாக நடந்துவந்த இத்தொழிலைத் தலைகீழாக மாற்றியது ஒரு பந்து. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரத்தைக் கலந்து அழுத்திச் சூடாக்கினார். கற்பூரத்தின் உருண்டை மூலக்கூறுகள் நீண்ட இழைகளுக்கு நடுவே புகுந்துகொள்ள, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. நொறுங்கும் பொருள் வார்க்கக்கூடியதாயிற்று. 1870ல் காப்புரிமை பெற்ற அந்த செல்லுலாய்டு, சீப்பு, பொம்மை, கழுத்துப்பட்டை, கடைசியில் சினிமாச் சுருள் என்று உலகெங்கும் பரவியது.

அதற்கான விலையைக் கட்டியவர்கள் தைவான் மலைகளின் பழங்குடிகள். 1895ல் தீவைக் கைப்பற்றிய ஜப்பான் 1899ல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. முதிர்ந்த மரங்கள் இருந்ததோ பழங்குடிகளின் காடுகளில். காவல் கோடு போட்டு, மின்வேலி கட்டி, கண்ணிவெடி புதைத்து அந்தக் கோட்டை மலைக்குள் நகர்த்திக்கொண்டே போனார்கள். பாரிசில் ஒரு பெண் தலைவாரிய சீப்புக்குள் அந்த மலைகளின் காடு இருந்தது. நம் 'காளிதாஸ்' (1931) பதிவானதும் அந்தக் காலத்து நைட்ரேட் செல்லுலாய்டுச் சுருளில்தான். எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையும் சுருள் அது. தமிழின் அந்த முதல் பேசும்படத்துக்கு இன்று ஒரு பிரதிகூடக் கையில் இல்லை.

காடுகளைக் காப்பாற்றியது வேதியியல். 1903ல் பின்லாந்தின் குஸ்தாஃப் கொம்பா மரமே இல்லாமல் கற்பூரத்தைத் தொகுத்துக் காட்டினார். தொழிற்சாலைகளுக்கு அதைவிட எளிய வழி கிடைத்தது: பைன் பிசினிலிருந்து வரும் டர்பெண்டைனில் உள்ள பைனீன். அதற்கும் பத்துக் கார்பன்தான். அணுக்களின் பிணைப்பைச் சற்று மாற்றி அடுக்கினால் கற்பூரம். நாம் தீபாராதனையில் ஏற்றும் வில்லைகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை. காஞ்சிபுரத்திலேயே இதற்கான ஆலை இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வலக்கையும் இடக்கையும்போலக் கற்பூர மூலக்கூறுக்கு இரண்டு கண்ணாடி வடிவங்கள். கற்பூர மரம் செய்வது ஒரே வடிவத்தை. ஆலையில் இரண்டும் சரிபாதியாக வந்துவிடும். மரத்தின் கற்பூரக் கரைசல் வழியே முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினால் அது ஒரு பக்கம் திரும்பும். ஆலைக் கற்பூரத்தில் திரும்பாது. கற்பூரம் சுவடில்லாமல் எரியும் என்பதும் முழுச் சரியல்ல. திரியில்லாமல் எரிவது அதன் ஆவி. சாம்பல் இராது, கரும்புகை உண்டு. வீட்டில் இதை எட்டாத உயரத்தில் வைப்பது கட்டாயம். ஒரு கிராம் அளவை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

தமிழர்களின் பழைய கற்பூரம் இந்த இரண்டும் அல்ல. சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளரும் வேறொரு குடும்பத்துப் பெருமரத்தின் வெடிப்புகளில் படிகமாகத் திரளும் போர்னியால் அது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அதற்குப் பெயர்பெற்றது. அதன் அருகே லோபு துவாவில் 1088ல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு நட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. எந்த மரத்துக்குள் படிகம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததால் ஒன்றுக்காகப் பலவற்றை வெட்டிச் சாய்த்தார்கள்.

இந்த மணங்கள் நம் உடலில் என்ன செய்கின்றன என்பது இந்த நூற்றாண்டில்தான் தெளிவானது. பட்டை நாக்கில் சுடுவதும் கற்பூரம் தோலில் இதமாக இருப்பதும் மூக்கின் வேலையல்ல. சூடு, குளிர், வலியை உணரும் நரம்பு முனைகளின் வேலை. 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகம், சின்னமால்டிஹைட் டிஆர்பிஏ1 என்ற வலி உணரியைத் திறக்கிறது என்று 2004ல் காட்டியது. கடுகும் வசாபியும் கண்ணீர் வரவழைப்பது அதே உணரியைத் தொட்டுத்தான். அடுத்த ஆண்டே, கற்பூரம் வெதுவெதுப்பை உணரும் உணரியைத் தூண்டுகிறது என்றும், டிஆர்பிஏ1ஐ அடைத்துவிடுகிறது என்றும் ஆய்வுகள் வெளிவந்தன. கறுவா தன் பட்டையில் வைத்திருக்கும் பொருள் திறக்கும் கதவை அதன் வேரில் இருக்கும் பொருள் சாத்துகிறது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கறுவாவின் காட்டு இனங்கள் பல இருக்கின்றன. சில வேறெங்கும் கிடையாது. பட்டைக்கு விலை கிடைப்பதால் இவற்றை உரித்து மலிவு விலையில் சந்தைக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்தில் வெட்டும் முறை வேறு. அங்கே அடிமரத்தை விட்டு வெட்டுவதால் ஒன்றுக்கு நாலாகத் தளிர்க்கும். காட்டு மரத்தை நின்ற நிலையிலேயே சுற்றிலும் உரித்தால் சர்க்கரை கீழே இறங்கும் வழி அறுந்து, வேர் பட்டினி கிடந்து, ஓரிரு வருடத்தில் மரம் செத்துவிடும். கண்ணுக்கு நேராக இது நடப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது, ஏனென்றால் மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்ற இரகங்களைத் தந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு நிலையத்திலிருந்து ஒய்சிடி 1 வந்திருக்கிறது. குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை நிலையத்திலும் ஓர் இரகம் உருவாகியிருக்கிறது. கிராம்பும் ரப்பரும் வளரும் அந்த மழைச்சரிவுகளில் கறுவா இயல்பாக வளரும். நட்ட மூன்றாம் வருடம் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டலாம். பட்டையைச் சுருளாக்கி, இலையை வடித்து எண்ணெயாக்கலாம். அடுத்த மழைக்கு அதே குத்து மறுபடி செந்தளிர் விடும்.